ஒரே பேஸாக ஹெட்லெஸ் வாங்கலாமா? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

கீழ்ச்சுருதி (திருச்சி)

எல்லோருக்கும் வணக்கம். மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். சீசனில் பாதி நாள் வேனில்தான் போகிறது. கீபோர்டு, பேட், ஸ்பீக்கர் எல்லாம் ஏற்றி முடித்த பிறகு என் பேஸுக்குக் கிடைப்பது கடைசி இடம், அதாவது என் மடி. இப்போது இருப்பது ஃபெண்டர் ஜாஸ் பேஸின் காப்பி ஒன்று. போன சீசனில் யாரோ ஆம்ப்பை அதன் தலைமேல் சாய்த்து வைத்ததில் ஒரு ட்யூனிங் கீ வளைந்துவிட்டது.

பெங்களூரில் ஒருவர் ஸ்டைன்பெர்கர் ஸ்பிரிட் எக்ஸ்டி-2 விற்கிறார், நாலு கம்பி, நெக் நுனியில் தலையே இல்லாத ஹெட்லெஸ் வகை. படத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு பேஸ் வைத்துக்கொள்ள வசதியில்லை. இதை வாங்கினால் ஜாஸ் பேஸை விற்றாக வேண்டும். கேள்வி இதுதான்: இது ஒன்றையே வைத்துக்கொண்டு கல்யாணக் கச்சேரி, கோயில் திருவிழா, எப்போதாவது வரும் ரெக்கார்டிங் எல்லாவற்றையும் ஓட்ட முடியுமா? கடையில் பத்து நிமிடம் தொட்டுப் பார்த்தவர்கள் அல்ல, வைத்து வாசித்தவர்கள் சொன்னால் நல்லது.

நாலுகம்பி (சென்னை)

தம்பி, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சின்னதாக இருப்பதால் இது ஷார்ட் ஸ்கேல், அதாவது கம்பி அதிரும் நீளம் குறைந்த பேஸ் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. எக்ஸ்டி-2வின் ஸ்கேல் 34 அங்குலம், உங்கள் ஜாஸ் பேஸில் இருக்கும் அதே 34. ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் உள்ள தூரத்தில் எந்த மாற்றமும் இருக்காது. தலையை வெட்டி, உடம்பைச் சுருக்கியதில்தான் மொத்த நீளம் 38, 39 அங்குலத்துக்கு வந்திருக்கிறது. சாதாரண பேஸ் 46 அங்குலம் தாண்டும். வேனில் அந்த ஏழெட்டு அங்குலம் பெரிய வித்தியாசம், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த வித்தியாசத்துக்கு உங்கள் இடது கை விலை கொடுக்கும். ஜாஸ் பேஸில் மேல்கொம்பு 12ஆவது ஃப்ரெட் பக்கம் வரை நீண்டிருக்கிறது, ஸ்ட்ராப் அங்கே மாட்டுகிறது. இதில் கொம்பே கிடையாது. ஸ்ட்ராப் உடம்புக்குப் பக்கத்திலேயே மாட்டுவதால் பேஸ் முழுவதும் இடது பக்கம் நகர்ந்து நிற்கும். முதல் ஃப்ரெட் எட்டாத தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். ஸ்கேல் ஒன்றுதான், கை நீட்டும் தூரம் வேறு. முதல் சில கச்சேரிகளில் எஃப் வாசிக்கப் போய் எஃப் ஷார்ப்பில் விழுவீர்கள். ராஜா சார் பாட்டுகளில் பேஸ் ஒரே இடத்தில் உட்காராது, கீழிருந்து மேலே ஓடி உடனே திரும்ப வரும். அங்கேதான் இது நன்றாகத் தெரியும்.

கொஞ்ச நாளில் பழகிவிடும். ஆனால் இடையில் யாருடைய சாதாரண பேஸையாவது வாங்கி வாசித்தால் மறுபடி குழப்பம்தான்.

ட்யூப்ஆம்ப் (மதுரை)

எதற்கு இந்த வம்பு? ரஷ் குழுவின் கெடி லீ 1984 வாக்கில் ஸ்டைன்பெர்கர் வாசித்தார். அடுத்த ஆண்டே வால் (Wal) நிறுவன பேஸுக்கு மாறினார், 90களில் பழைய ஃபெண்டர் ஜாஸுக்கே திரும்பிவிட்டார். இத்தனைக்கும் அவரிடம் இருந்தது ஒரிஜினல். நீங்கள் வாங்கப் போவது மரத்தில் செய்த மலிவு வடிவம். கையில் ஜாஸ் பேஸ் இருக்கும்போது அதை விற்றுவிட்டு இதை வாங்குவானேன்?

தோற்றத்தையும் யோசியுங்கள். கல்யாண மண்டபத்தில் முன்வரிசையில் இருக்கும் பெரியவர் கிரிக்கெட் மட்டையை ஏன் மாட்டிக்கொண்டு நிற்கிறான் என்று கேட்பார்.

தாளக்கட்டு (கோவை)

ட்யூப்ஆம்ப் அண்ணா, அந்தப் பெரியவர் பேஸ் எந்த வாத்தியம் என்றே கேட்பவராகத்தான் இருப்பார். அவருக்காக எதற்கு நாம் தோளை வலிக்கவிட வேண்டும்?

என்னிடம் இருப்பது ஐபானெஸ் இஎச்பி1000எஸ். இது உண்மையிலேயே ஷார்ட் ஸ்கேல், 30 அங்குலம். இதே வரிசையில் இஎச்பி1000 என்பது 33 அங்குலம். நான் உயரம் குறைவு. மூன்று மணி நேரம் நின்று வாசித்தால் இடது தோள்பட்டை இறங்கிப்போகும். பழைய பேஸில் நெக் தானாகக் கீழே சாயும், அதை இடது கையாலேயே தாங்கிக்கொண்டு வாசிப்பேன். மருத்துவர் எடையைக் குறைக்கச் சொன்னார். எடை குறைந்தது உண்மைதான், ஆனால் எனக்கு அதைவிட உதவியது சமநிலை. கையை எடுத்துவிட்டாலும் நெக் இருந்த இடத்திலேயே நிற்கிறது. இடது கைக்குப் பிடிக்கிற வேலை போய் வாசிக்கிற வேலை மட்டும்தான் இருக்கிறது.

நாலுகம்பி அண்ணா சொன்ன இடப்பக்க நகர்வு இதில் அவ்வளவு இல்லை, ஏனென்றால் இஎச்பியின் உடம்புக்குக் கொம்பு உண்டு. எல்லா ஹெட்லெஸ்ஸையும் ஒரே கணக்கில் பேச வேண்டாம். மட்டை வடிவம் வேறு, கொம்புள்ள வடிவம் வேறு.

எனக்கு இருப்பது இது ஒன்றுதான். வேறு பேஸ் இல்லை, வேண்டியும் இருக்கவில்லை.

மரவேலை (கோயம்புத்தூர்)

ரிப்பேர் பெஞ்சில் இருந்து பேசுகிறேன். வாசிப்பவர் இல்லை, வாசிப்பவர்கள் உடைத்துக்கொண்டு வருவதைச் சரிசெய்பவன்.

நெக் ஏன் சாய்கிறது என்றால், நாலு உலோக ட்யூனர்கள் நீளமான கம்பத்தின் கடைசி நுனியில் இருக்கின்றன. எடை கொஞ்சம்தான், ஆனால் அச்சிலிருந்து தூரம் அதிகம் என்பதால் இழுப்பும் அதிகம். அதே ட்யூனர்களை உடம்பில் கம்பி முடியும் பிரிட்ஜ் பக்கம் கொண்டுவந்தால் அவை எதிர்ப்பக்கத்துக்கு எடை சேர்க்கின்றன. நெட் ஸ்டைன்பெர்கர் செய்தது இதுதான். அவர் கிட்டார் செய்யும் பரம்பரையில் வந்தவர் இல்லை, மேசை நாற்காலி வடிவமைத்துக்கொண்டிருந்தவர். புரூக்ளினில் ஸ்டூவர்ட் ஸ்பெக்டரோடு ஒரே மரவேலைக் கூடத்தில் இருந்தபோது ஸ்பெக்டருக்காக என்எஸ் பேஸை வடிவமைத்தார். அதற்குப் பிறகுதான் தலை எதற்கு என்ற கேள்விக்குப் போனார். 80களின் தொடக்கத்தில் தலையில்லாத எல்2 பேஸ் வந்தது, நெக்கும் உடம்பும் கார்பன் ஃபைபர் கலந்த எபாக்சி. 1981இன் சிறந்த வடிவமைப்புகளில் ஒன்றாக டைம் இதழ் அதைச் சேர்த்தது. 1987இல் ஸ்டைன்பெர்கர் நிறுவனத்தை கிப்சன் வாங்கியது. இன்று ஸ்பிரிட் என்ற பெயரில் வருவது அந்த உருவத்தை மரத்தில் செய்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இணையத்தில் ஸ்டைன்பெர்கர் சத்தம் என்று எழுதுபவர்கள் எல்லோரும் கேட்டது கார்பன் நெக்கும் பேட்டரியில் ஓடும் இஎம்ஜி ஆக்டிவ் பிக்கப்பும் சேர்ந்த சத்தம். எக்ஸ்டி-2வில் அந்த இரண்டுமே கிடையாது. மர நெக், பேட்டரி வேண்டாத பாஸிவ் ஹம்பக்கர் பிக்கப். அது கெட்ட சத்தம் இல்லை, ஆனால் அந்தச் சத்தம் இல்லை. அதை எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

இன்னொரு புரளியும் உண்டு, ஹெட்லெஸ்ஸில் டெட் ஸ்பாட்டே வராது என்று. சாதாரண பேஸில் ஜி கம்பியில் 5, 6, 7ஆவது ஃப்ரெட் பக்கம் ஏதாவது ஒரு சுரம் மட்டும் சீக்கிரம் அணைந்துபோகும், பார்த்திருப்பீர்கள். அந்தச் சுரத்தின் அதிர்வெண்ணும் நெக் தானாக அதிரும் அதிர்வெண்ணும் கிட்ட வந்துவிட்டால் கம்பியின் சக்தியை நெக் தின்றுவிடும். தலையின் எடையை எடுத்தால் நெக்கின் அதிர்வு மேலே போகும், டெட் ஸ்பாட் இடம் மாறும். மர நெக்கில் மாறும் அவ்வளவுதான், மறைந்தே தீரும் என்று இல்லை. கார்பன் விறைப்பு அதிகம், அதனால் அதில் இந்தத் தொந்தரவு மிகவும் குறைவு.

ஞாயிறுபேஸ் (நாகர்கோவில்)

சர்ச்சில் வாசிக்கிறேன். நண்பரின் ஹெட்லெஸ்ஸை ஒரு கிறிஸ்துமஸ் சீசன் முழுக்க வைத்திருந்தேன். யாரும் சொல்லாத இரண்டு சின்ன விஷயம்:

கிளிப் ட்யூனரை மாட்ட இடம் கிடையாது. பெடல் ட்யூனர் வைத்துக்கொள்ளுங்கள்.

தலையைக் கவ்வித் தொங்கவிடும் ஸ்டாண்ட் இருக்கிறதே, அதில் இது நிற்காது. எங்கள் பாடகர் குழுவில் ஒருவர் பழக்கதோஷத்தில் மாட்டப் போய் நேராகத் தரைக்கு வந்தது. ஒன்றும் ஆகவில்லை, ட்யூனிங்கூட மாறவில்லை. அதைப் பார்த்த பிறகு எனக்கு அதன்மேல் மரியாதையே வந்துவிட்டது.

ஸ்காபரோ_பேஸ் (ரொறன்ரோ)

வணக்கம். நான் பாவிப்பது 80களில் வந்த எல்2, இங்கே பழைய கடையொன்றில் வாங்கினது. இங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீற்றர் போட்டால் காற்று வறண்டு போகும், கோடையில் புழுக்கம். மர நெக் உள்ள என்னுடைய மற்ற பேஸுக்கு வருடத்தில் இரண்டு முறையாவது ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு) திருப்ப வேண்டும். எல்2வில் திருப்ப ட்ரஸ் ராடே இல்லை, தேவையும் வரவில்லை. பெட்டியில் இருந்து எடுத்தால் வைத்த சுருதியிலேயே இருக்கும். நல்லதும் கெட்டதும் அதுதான்: யாராவது நெக் வளைந்த ஒன்றை உங்களுக்கு விற்றால் சரிசெய்ய வழியில்லை. ஸ்பிரிட் மரம் என்றபடியால் உங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, இந்த நன்மையும் இல்லை.

எடை பற்றி ஒரு சொல். சின்னது என்றவுடன் லேசாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். எல்2 பார்வைக்குத் தெரிவதைவிடக் கனம்.

முக்கியமாகக் கதைக்க வேண்டியது கம்பி. இந்த வகை பிரிட்ஜுக்கு டபுள் பால் கம்பி வேண்டும், இரண்டு நுனியிலும் குண்டு இருக்கும். மாற்றுவது மிகச் சுலபம். பழையதைத் தளர்த்தி எடுத்து, புதியதை இரண்டு பக்கமும் கொளுவி, பிரிட்ஜில் உள்ள குமிழைத் திருப்பினால் சரி. சுற்றுவதற்கு ஒன்றும் இல்லை, வெட்டுவதற்கும் ஒன்றும் இல்லை. கச்சேரி நடுவில் கம்பி அறுந்தால் அடுத்த பாட்டுக்குள் மாற்றிவிடலாம். ஆனால் அந்தக் கம்பி கையில் இருக்க வேண்டும்! டாடாரியோ, லாபெல்லா இரண்டும் போடுகிறார்கள். இங்கேயே எல்லாக் கடையிலும் இராது, நான் இணையத்தில் எடுத்து இரண்டு மூன்று செட் சேர்த்து வைத்திருப்பேன். திருச்சியில் எப்படி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கீழ்ச்சுருதி (திருச்சி)

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

திருச்சியில் விசாரித்தேன். இரண்டு கடையில் கேட்டேன். ஒரு கடையில் டபுள் பால் என்றால் என்ன என்று என்னிடமே கேட்டார்கள். இன்னொன்றில் ஆர்டர் போட்டுத் தருகிறேன், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். எங்களுக்கு வேலை வருவதே கடற்கரை ஊர்களில்தான், வேர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். சாதாரணக் கம்பியையே மாட்ட ஏதாவது வழி உண்டா?

தாளக்கட்டு அக்கா, உங்கள் இஎச்பிக்கு என்ன கம்பி?

தாளக்கட்டு (கோவை)

சாதாரணக் கம்பியே. தலைப்பக்கம் சின்னத் திருகால் கம்பியை இறுக்கிப் பிடிக்கும், ஆலன் கீ வேண்டும். ஷார்ட் ஸ்கேல் என்பதால் அதற்கேற்ற செட் பார்த்து வாங்குவேன், அவ்வளவுதான். ஆலன் கீயை பேக்கில் ஒன்று, பர்ஸில் ஒன்று என்று வைத்திருக்கிறேன். அது தொலைந்தால் கம்பி கையில் இருந்தும் பிரயோசனம் இல்லை.

பேட்டரியும் மறக்காதீர்கள். இதில் ஆக்டிவ் சர்க்யூட், 9 வோல்ட். உங்கள் எக்ஸ்டி-2 பாஸிவ் என்றால் அந்தக் கவலை இல்லை.

மரவேலை (கோயம்புத்தூர்)

வழி உண்டு. நட் பக்கம், அதாவது நெக்கின் நுனியில் மாட்டும் அடாப்டர்கள் தனியாக விற்கிறார்கள், குண்டு இல்லாத நுனியைத் திருகால் இறுக்கிப் பிடிக்கும். சாதாரணக் கம்பி போடலாம்.

போடும்போது ஒரு விஷயத்தில் கவனம். முதலில் இறுக்குங்கள், சுருதி சேருங்கள், அதற்குப் பிறகு மீதியை வெட்டுங்கள். முதலிலேயே வெட்டினால் மேலே சுற்றியிருக்கும் கம்பி உள்கம்பியில் இருந்து பிரிந்து நழுவும். குறிப்பாக உள்கம்பி உருண்டையாக இருக்கும் வகையில் நிச்சயம் நழுவும். அப்புறம் அந்தக் கம்பியில் சுருதியே நிற்காது, வாத்தியத்தைக் குறை சொல்லிக்கொண்டு என்னிடம் வருவீர்கள்.

இன்னொன்று. இந்த பிரிட்ஜில் குமிழ் நகரும் தூரம் கொஞ்சம்தான். அடாப்டரில் கம்பியைத் தளர்வாகப் பிடித்துவிட்டால், சுருதி வருவதற்குள் குமிழ் கடைசிக்குப் போய்விடும். கையால் நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டு இறுக்க வேண்டும்.

வாங்கப் போகும் பேஸில் இந்தக் குமிழ்களைத்தான் முதலில் பார்ப்பேன். ஈ கம்பியின் குமிழைச் சுருதி வரை திருப்பச் சொல்லுங்கள். விரலால் திருப்ப முடிய வேண்டும். இடுக்கி வேண்டியிருந்தால் மரை தேய்ந்திருக்கிறது அல்லது எண்ணெய் காணாமல் காய்ந்திருக்கிறது. காய்ந்திருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் போதும். தேய்ந்திருந்தால் பிரிட்ஜையே மாற்ற வேண்டும். சாதாரண பேஸில் ட்யூனர் போனால் எந்த ஊர்க் கடையிலும் வேறொன்று கிடைக்கும். இதற்குக் கிடைக்காது. ஒரே பேஸாக வைக்கப் போகிறவர் யோசிக்க வேண்டியது சத்தத்தை அல்ல, இதைத்தான்.

ட்யூப்ஆம்ப் (மதுரை)

ஆக கம்பி கிடைக்காது, பார்ட்ஸ் கிடைக்காது, ஸ்டாண்டில் நிற்காது, கிளிப் மாட்டாது. நான் சொன்னதைத்தான் எல்லோரும் நீளமாகச் சொல்கிறீர்கள்.

நாலுகம்பி (சென்னை)

இல்லை ஐயா. கிங் கிரிம்சனின் டோனி லெவின் ஸ்டைன்பெர்கர் வாசித்தார், லெவல் 42வின் மார்க் கிங் ஸ்டேட்டஸ் நிறுவன ஹெட்லெஸ் வாசித்தார். கெடி லீ விட்டுவிட்டார் என்பதை மட்டும் வைத்து வாத்தியத்தை எடைபோட முடியாது. அவர் வால் பேஸையும்தான் விட்டார்.

நான் சொல்ல வருவது வேறு. இதை வாங்குபவர்கள் அளவைப் பார்த்து வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு வைத்திருப்பதோ விற்பதோ அளவை வைத்து முடிவாவதில்லை. கை பழகியதா, கம்பி கிடைத்ததா என்பதில்தான் முடிவாகிறது. எனக்குத் தெரிந்து இதை விற்றவர்களில் ஒருவர்கூடச் சத்தம் பிடிக்காமல் விற்றதாகச் சொல்லவில்லை.

வலது கை பற்றி யாரும் பேசவில்லை. பெரிய உடம்பில் முழங்கை மடிப்பு சாய்ந்து ஓய்வெடுக்க ஒரு விளிம்பு இருக்கும். மட்டை வடிவத்தில் அது கிடையாது. கை காற்றில் தொங்கும், மணிக்கட்டு அதிகம் வளையும். பிக்கப் மேல் கட்டைவிரலை ஊன்றி வாசிப்பவர் என்றால் சமாளித்துவிடலாம். கட்டைவிரலால் கம்பியைத் தட்டி ஸ்லாப் வாசிப்பவருக்குக் கொஞ்சம் கஷ்டம். உட்கார்ந்து வாசிக்க மடக்கு கால் ஒன்று கீழே இருக்கும், தொடைமேல் வைத்துக்கொள்ளலாம். ரெக்கார்டிங்குக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. அந்த மடக்கு கால் ஆடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள் தம்பி.

ஞாயிறுபேஸ் (நாகர்கோவில்)

விமானத்தில் கையோடு கொண்டுபோகலாம் என்று விளம்பரப்படுத்துகிறார்களே, யாராவது செய்திருக்கிறீர்களா? வளைகுடாவில் ஒரு கன்வென்ஷனுக்கு அழைப்பு இருக்கிறது.

ஸ்காபரோ_பேஸ் (ரொறன்ரோ)

செய்திருக்கிறேன், ஆனால் உரிமையாக இல்லை. கைப்பைக்கு விமான நிறுவனங்கள் பொதுவாகச் சொல்லும் நீளம் 55 செ.மீ. இந்த பேஸ் 98 செ.மீ. அளவில் வரும். சட்டப்படி பார்த்தால் பொருந்தாது. மேல் தட்டில் நீளவாக்கில் படுக்க வைக்கலாம், அதற்கு இடம் போதும். கவுண்டரில் நிற்பவர் நல்ல மனநிலையில் இருந்தால் விடுவார். பெரிய பேஸோடு போனால் கேட்கவே வாய்ப்பில்லை, இதோடு போனால் கேட்கவாவது முடிகிறது. சொவ்ற் பேக் மட்டும் நம்பிப் போக வேண்டாம், கீழே அனுப்பச் சொன்னால் தாங்குகிற பெட்டியில் கொண்டு போங்கள். கம்பியைத் தளர்த்திவிடுங்கள்.

தாளக்கட்டு (கோவை)

ரயிலில் எனக்கு இருந்த ஒரே சண்டை போய்விட்டது. மேல் பெர்த்தில் தலைமாட்டில் வைத்துப் படுத்துவிடுவேன். முன்பு பேஸுக்குப் பெர்த், எனக்கு ஓரம்.

கீழ்ச்சுருதி (திருச்சி)

விற்பவரிடம் போனில் பேசினேன். குமிழ்கள் மூன்று லேசாகத் திரும்புகின்றன, ஏ கம்பியுடையது மட்டும் இறுக்கம் என்றார். வீடியோ அனுப்பினார், கையில் துணி சுற்றித்தான் திருப்புகிறார். மடக்கு கால் சரியாக இருக்கிறது. கம்பி மாற்றி ரொம்ப நாளாகிறதாம், கூடுதல் செட் கிடையாது. விலையில் கொஞ்சம் குறைக்கத் தயார்.

ட்ராப் டி பற்றியும் ஒரு கேள்வி. சில பாட்டுக்கு ஈ கம்பியை டிக்கு இறக்குவேன். இதில் அதற்கு ஏதாவது நெம்புகோல் உண்டா?

மரவேலை (கோயம்புத்தூர்)

தலையில் மாட்டும் எக்ஸ்டெண்டர் வகை இதில் வராது, மாட்டத் தலை வேண்டுமே. ஸ்டைன்பெர்கர் டிபி என்று ஒரு பிரிட்ஜ் செய்தார்கள், ஈ கம்பியை நெம்புகோலால் இறக்கலாம். அது உங்கள் பேஸில் இருந்தால் விற்பவர் முதல் வரியிலேயே சொல்லியிருப்பார். குமிழைத் திருப்பித்தான் இறக்க வேண்டும். மரை நுணுக்கமானது, அதனால் சுருதி துல்லியமாக வரும், ஆனால் பாட்டுக்கு நடுவில் சட்டென்று இறக்க முடியாது.

ஏ குமிழ் விஷயம். துணி சுற்றித் திருப்புவது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் வீடியோவை வைத்து மரை தேய்ந்ததா காய்ந்ததா என்று சொல்ல முடியாது. கம்பியை முழுக்கத் தளர்த்திவிட்டு வெறும் குமிழைத் திருப்பச் சொல்லுங்கள். அப்போது லேசாகப் போனால் எண்ணெய்ப் பிரச்சினை. அப்போதும் ஒரு இடத்தில் மட்டும் சிக்கினால் மரை அடிபட்டிருக்கிறது, அந்த விலைக்கு வேண்டாம்.

நாலுகம்பி (சென்னை)

இன்னொன்றும் செய்யுங்கள். பெங்களூர் நேரில் போனால் ஸ்ட்ராப் மாட்டி நின்று வாசித்துப் பாருங்கள், உட்கார்ந்து அல்ல. கண்ணை மூடிக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கும் பன்னிரண்டாவதுக்கும் மாறி மாறிப் போங்கள். ஜாஸ் பேஸை அதற்கு முன்னால் விற்க வேண்டாம். வாங்கின பிறகும் ஒரு சீசன் கையிலேயே வைத்திருங்கள், பணத்துக்கு எப்படியாவது வழி பாருங்கள். பேஸ் மறுபடி வாங்குவது விற்பதைப்போல் சுலபம் இல்லை.

கீழ்ச்சுருதி (திருச்சி)

சரி அண்ணா. ஏ குமிழைக் கம்பி இல்லாமல் திருப்பிக் காட்டச் சொல்லியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அனுப்புவதாகச் சொன்னார். சரியாக இருந்தால் மட்டும் பெங்களூர் போகிறேன். வளைந்த ட்யூனிங் கீயை எப்படியும் மாற்றிவிடலாம் என்று ஜாஸ் பேஸைக் கடையில் கொடுத்திருக்கிறேன். தாளக்கட்டு அக்கா, அந்த இஎச்பி 33 அங்குலம் கோவையில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், ஒரு தடவை மாட்டிப் பார்க்க வேண்டும்.

தாளக்கட்டு (கோவை)

என் மாணவர் ஒருவரிடம் ஐந்து கம்பி இஎச்பி இருக்கிறது, 33தான். அடுத்த வாரம் வகுப்புக்கு வருவார். தனிச்செய்தியில் நேரம் சொல்கிறேன். ஸ்ட்ராப் உங்களுடையதையே கொண்டு வாருங்கள்.